மை தீர்ந்த பின்: தென்சென்னையில் கார்ட்ரிட்ஜ் நிரப்பும் தொழிலின் வரலாறு

கணினி அச்சுப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் வேகத்தையும் எழுத்தின் கூர்மையையும் அளவுகோலாகக் கொள்கின்றனர். ஆனால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் அந்த இயந்திரம் உண்மையில் எவ்வாறு பயன்பட்டது என்பதை அறிய விரும்புவோர், அதற்குள் இருந்த மை தீர்ந்தபின் என்ன நடந்தது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். இயந்திரத்தை ஓரிடத்திலும் மையை வேறோரிடத்திலும் வாங்கும் வழக்கம் இந்நகரில் நெடுங்காலம் நிலவியது. 1980களின் நடுவில் உற்பத்தியாளர்கள் அவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தனர். அடைத்ததை மீண்டும் பிரித்துக் காட்டியவர்கள் சென்னையின் சிறுகடைக்காரர்கள். அவர்கள் கட்டியெழுப்பிய நம்பிக்கை, நிரப்புபவரும் விற்பவரும் ஒரே ஆளாக இருந்ததால் நிலைத்தது; இணைய வணிகம் முதலில் தளர்த்தியது அந்தப் பிணைப்பைத்தான்.

தட்டச்சுக் காலத்தில் மை என்பது ரிப்பன். பெருங்குடியில் இயங்கிய ஃபாசிட் ஆசியா ஆலையின் இயந்திரத்தையோ ரெமிங்டனையோ கோத்ரெஜையோ வைத்திருந்த வழக்கறிஞரின் குமாஸ்தா, கோரெஸ் ரிப்பனை ஏதேனும் ஒரு எழுதுபொருள் கடையில் வாங்கிப் பொருத்திக்கொண்டார். அதற்கு இயந்திரத்தைச் செய்தவரின் அனுமதி எவருக்கும் தேவைப்படவில்லை. 1980களில் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி, அதாவது நுண்ணிய ஊசிகள் ரிப்பனைத் தட்டிப் புள்ளிகளால் எழுத்தை உருவாக்கும் கருவி, அலுவலகங்களுக்கு வந்தபோதும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. டிவிஎஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி வரிசைக் கருவிகளின் ரிப்பன் உறையைத் திறந்து, உள்ளிருக்கும் நைலான் நாடாவை மட்டும் மாற்றிப் பழைய உறையிலேயே சுற்றிவைப்பது அலுவலக உதவியாளர்களுக்கும் கைவந்த வேலையாக இருந்தது. பின்னாளில் வந்த நிரப்பும் தொழிலின் மனப்பாங்கு இங்கேயே உருவாகிவிட்டது என்று கொள்ளலாம்.

மாற்றம் 1984இல் தொடங்கியது. அவ்வாண்டில் ஹெச்பி நிறுவனம் வெளியிட்ட திங்க்ஜெட், மையையும் மையைத் தெளிக்கும் நுண்துளைத் தலையையும் ஒரே கூட்டில் அமைத்து, மை தீர்ந்ததும் தலையோடு சேர்த்து எறிந்துவிடும் முறையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட லேசர்ஜெட்டின் உள்ளே இருந்தது ஜப்பானின் கேனான் உருவாக்கிய இயக்கப்பகுதி. அதில் டோனர் எனப்படும் நுண்தூளும், ஒளிபட்டு உருவத்தை ஏற்கும் டிரம் எனப்படும் உருளையும், எஞ்சிய தூளை வழிக்கும் பிளேடும் ஒரே கார்ட்ரிட்ஜில் அடங்கியிருந்தன. பராமரிப்பு ஆள் வர வேண்டிய தேவையை ஒழித்தது இந்த அமைப்பின் மெய்யான நன்மை. ஆயினும் கருவியைக் குறைந்த விலைக்கு விற்று மையில் இலாபம் காணும் வணிகமுறைக்கும் அதுவே வழி திறந்தது.

இந்தியாவில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கணினிக் கொள்கை இறக்குமதியைச் சற்றுத் தளர்த்தியது. 1997இல் இந்தியா இணைந்த உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டின் விளைவாக 2005க்குள் கணினிக் கருவிகள் மீதான சுங்கவரி நீங்கியது. கருவி மலிந்த அந்த ஆண்டுகளில் தென்சென்னையின் தாள்தேவை தனித்தன்மை கொண்டதாக இருந்தது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இயங்கிய பதிப்பகங்களுக்காக டிடிபி நிலையங்கள், அதாவது கணினியில் பக்கம் அமைத்துத் தரும் சிறு கூடங்கள், லேசர் அச்சுப்பொறியில் டிரேசிங் தாளில் பக்கங்களை எடுத்துத் தந்தன. அத்தாளைக் கொண்டே ராயப்பேட்டை ஜானி ஜான் கான் சாலை போன்ற இடங்களிலிருந்த ஆப்செட் அச்சகங்களுக்கான தகடு செய்யப்பட்டது. தாளில் கருமை குறைந்தால் தகட்டில் எழுத்து உடைந்துவிடும் என்பதால், தமிழ் எழுத்தின் புள்ளியும் சுழியும் விழாமல் நிற்கத் தேவையான டோனரின் தரத்தை முதலில் கண்டுணர்ந்தவர்கள் இந்த டிடிபிக்காரர்களே. அடையாற்றையொட்டி ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் இருந்ததால் ஆய்வேடுகளை அச்சிட்டுக் கட்டித்தரும் ஜெராக்ஸ் கடைகள் பெருகின. வரித்துறையும் தன் பங்கைச் சேர்த்தது: வருமான வரிக் கணக்கை இணையத்தில் பதிந்தபின் ஐடிஆர்-வி என்னும் ஒப்புகைப் படிவத்தை அச்சிட்டுக் கையொப்பமிட்டுப் பெங்களூரு மையத்துக்கு அஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்தது, டாட் மேட்ரிக்ஸைத் தவிர்த்து லேசரிலோ இங்க்ஜெட்டிலோ கறுப்பில் அச்சிடுமாறு அப்படிவத்துக்கான அறிவுரை கூறியது. ஜூலை மாதத்தில் ஆடிட்டர் அலுவலகங்களில் டோனர் தீர்ந்த வேகத்துக்கு இது ஒரு காரணமாக இருந்தது.

இத்தேவைகளுக்கெல்லாம் பின்புலமாக நின்றவை, அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெருவும் அதையொட்டிய நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும். வானொலி உதிரிப்பாகங்களில் தொடங்கித் தொலைக்காட்சி, கணினி என வளர்ந்த இச்சந்தை டோனர் தூள், டிரம், பிளேடு, காலிக் கார்ட்ரிட்ஜ் அனைத்தையும் தனித்தனியே விற்றது. வாங்கிச் சென்றவர்கள் அவரவர் பகுதிகளில் சிறு கடை வைத்து, தொலைபேசியில் அழைத்தால் இருசக்கர வண்டியில் வந்து நிரப்பித்தரும் சேவையாக அதை மாற்றினர்.

இத்தொழிலின் மையப்பொருள் எதுவென்று கேட்டால், ஹெச்பியின் 12ஏ கார்ட்ரிட்ஜ் என்று தயங்காமல் சொல்லலாம். 2003இல் லேசர்ஜெட் 1010 வரிசையுடன் அறிமுகமான இது, பின்னர் 1018, 1020, எம்1005 ஆகிய கருவிகளுக்கும் பொருந்தியது; கேனானின் எல்பிபி2900 கருவிக்குரிய 303 கார்ட்ரிட்ஜும் ஏறத்தாழ அதே வடிவம் என்பதால், ஒரே கூடு இரு நிறுவனங்களின் கருவிகளிலும் உலவியது. அதைவிட முக்கியமான காரணம், அதில் சிப் கிடையாது. பயன்பட்ட பக்கங்களை எண்ணிக் கருவிக்கு அறிவிக்கும் அந்த மின்னணுச் சில்லு இல்லாததால் நிரப்பியவுடன் கருவி மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது. தாளின் பரப்பில் சுமார் 5 விழுக்காடு மட்டும் எழுத்து நிறையும் பக்கங்களாகக் கணக்கிட்டால் 2,000 பக்கம் என்பது அதன் அறிவிக்கப்பட்ட அளவு. புதிய கார்ட்ரிட்ஜுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆன இடத்தில் நிரப்புவதற்குச் சில நூறு ரூபாயே ஆயிற்று.

நிரப்புதல் என்ற சொல் அவ்வேலையின் நுட்பத்தை முழுதும் காட்டுவதில்லை. பக்கவாட்டு ஊசிகளை உருவிக் கூட்டை இரண்டாகப் பிரித்து, டிரம்மையும் மின்னூட்ட உருளையையும் எடுத்துவைத்து, பிளேடைக் கழற்றி, கழிவு அறையில் சேர்ந்த பழைய தூளைக் கொட்டி, துடைத்து, ஏறத்தாழ 100 கிராம் புதுத் தூளை இட்டு மீண்டும் பூட்ட வேண்டும். கழிவு அறையைக் காலி செய்யாமல் மேலும் தூளை மட்டும் கொட்டுபவரின் வேலை, சில நாட்களிலேயே கருவிக்குள் தூள் சிந்தித் தன்னைக் காட்டிக்கொள்ளும். தேர்ந்த கைவினைஞர் சோதனைத் தாளைப் பார்த்தே பழுதைச் சொல்லிவிடுவார்: நெடுக ஓடும் கோடு டிரம்மின் கீறலையோ பிளேடின் தேய்வையோ குறிக்கும், ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே புள்ளி திரும்பத் திரும்ப விழுந்தால், அது டிரம்மின் சுற்றளவு ஆதலால், குறை அங்கேதான் இருக்கிறது. தூளை மட்டும் மாற்றுவது ரீஃபில். தேய்ந்த டிரம்மையும் பிளேடையும் மாற்றிச் சோதித்துத் தருவதே மறுஉற்பத்தி. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. அதைக் கடந்து உழைத்தவர்களுக்கு உரிய மதிப்பை இந்நகரம் தந்ததாகச் சொல்ல முடியாது. டோனர் துகளின் அளவு பொதுவாக 5 முதல் 10 மைக்ரான் வரை. காற்றோட்டமில்லாத பின்னறையில் முகக்கவசமின்றி, ஊதுகருவியால் தூளை அகற்றி வேலைசெய்த இளைஞர்களின் நுரையீரல் குறித்து எவரும் போதிய அக்கறை காட்டவில்லை என்பது இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி.

இங்க்ஜெட் இன்னும் கடினமானது. ஹெச்பி, கேனான் கருவிகளின் சிறு கார்ட்ரிட்ஜ்களில் மை தெளிக்கும் தலையும் சேர்ந்திருந்ததால், சிரிஞ்சால் உள்ளிருக்கும் பஞ்சில் மையைச் செலுத்தினாலும் ஓரிரு நிரப்பலுக்குப் பின் துளைகள் அடைபட்டன. எப்சனில் தலை கருவியிலேயே இருந்தமையால் தரமற்ற மை கருவியையே கெடுத்தது. இதற்கு விடையாக, வெளியே மைக்குடுவைகளை வைத்து மெல்லிய குழாய்கள் வழியே தொடர்ந்து மையை ஊட்டும் அமைப்பைச் சிறுகடைக்காரர்கள் கருவிகளில் பொருத்தினர். ஆசியாவின் பல நகரங்களில் பரவிய இப்பழக்கம் அதிகம் அச்சிடுவோரிடம் வரவேற்பைப் பெற்றது. இந்தோனேசியச் சந்தையில் இத்தகைய மாற்றங்கள் பெருகியதைக் கண்ட எப்சன், 2010 அக்டோபரில் அங்கே தானே தொட்டி பொருத்திய அச்சுப்பொறியை வெளியிட்டு, அடுத்த ஆண்டு இந்தியாவுக்கும் கொண்டுவந்தது. 2015, 2016 ஆண்டுகளில் கேனானும் ஹெச்பியும் அதே வழியில் வந்தன. தெருவோரக் கைவினை ஒன்று பன்னாட்டு நிறுவனங்களின் வடிவமைப்பையே மாற்றிய நிகழ்வாக இதனைப் பார்ப்பதே முறை. அதற்கான புகழ் அந்தத் தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

சட்டம் இத்தொழிலை நாட்டுக்கு நாடு வேறுவிதமாக நோக்கியது. 2007 நவம்பரில் ஜப்பானின் உச்ச நீதிமன்றம், கேனான் தொடுத்த வழக்கில், நிரப்பி விற்கப்பட்ட கார்ட்ரிட்ஜ் காப்புரிமையை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. 2017 மே மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அச்சுப்பொறி நிறுவனமான லெக்ஸ்மார்க்கின் வழக்கில், ஒரு பொருளை விற்றவுடன் அதன்மீதான காப்புரிமையாளரின் பிடி முடிந்துவிடுகிறது என்றது. இந்தியாவின் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஒரு கருவிக்குப் பொருந்தும் துணைப்பொருளை விற்பவர், அப்பொருத்தத்தைத் தெரிவிப்பதற்காக நியாயமான அளவில் கருவியின் பெயரைச் சொல்வதை ஏற்கிறது. சந்தைக்கு வந்தபின் பொருளின் நிலை மாற்றப்பட்டாலோ கெடுக்கப்பட்டாலோ உரிமையாளர் எதிர்க்கலாம் என்பதையும் அதே பிரிவு சொல்கிறது. எனவே 12ஏக்குப் பொருந்தும் என்று எழுதி விற்பது ஒன்று; காலிக் கூட்டை நிரப்பி ஹெச்பியின் பெட்டியைப் போன்ற பெட்டியில் இட்டு விற்பது முற்றிலும் வேறொன்று, அது போலி.

கடை முகப்பில் இந்த வேறுபாடு ஒருபோதும் குழப்பமானதில்லை. தம் கண்முன் பிரித்துப் பூட்டப்பட்ட கார்ட்ரிட்ஜ் எத்தகையது என்று வாடிக்கையாளருக்குத் தெரியும். பக்கம் மங்கினால் மறுநாள் அதே ஆளை அழைக்கவும் முடியும். பாஸி.காம் நிறுவனத்தை ஈபே வாங்கிய 2004இல் தொடங்கி, அமேசான் இந்தியச் சந்தைக்கு வந்த 2013க்குப் பின் விரிவடைந்த இணைய வணிகத்தில், டெல்லி நேரு பிளேஸ் போன்ற தொலைதூரச் சந்தைகளின் விற்பனையாளர்களும் மயிலாப்பூர் வீட்டுவாசலுக்கு வந்துசேர்ந்தனர். அங்கே ஒரிஜினல், கம்பேட்டிபிள் எனப்படும் பிறர் புதிதாகச் செய்த பொருத்தமான கார்ட்ரிட்ஜ், மறுஉற்பத்தி, போலி ஆகிய நான்கும் ஒரே பட்டியலில், ஒரே மாதிரியான படங்களுடன் அடுத்தடுத்து நின்றன. நிரப்பியவர் யார், எத்தனையாவது முறை, டிரம் புதியதா என்ற மூன்று கேள்விகளுக்கும் அப்படத்தில் விடை இல்லை. 2020 மார்ச்சில் தொடங்கிய ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தபோது, பிள்ளைகளின் பாடத்தாள்களை வீட்டிலேயே அச்சிட வேண்டியிருந்த குடும்பங்கள் இவ்வழியை நாடின. அதே ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் விற்பனையாளரின் பெயர், முகவரி, பொருள் தோன்றிய நாடு ஆகியவற்றைக் காட்டக் கட்டாயப்படுத்தியது நல்ல முன்னேற்றமே. ஆனால் மறுஉற்பத்தியைப் பொறுத்தவரை தோன்றிய நாட்டைவிடப் பழுதுபார்த்த கையே முக்கியம்.

தொழிலுக்கு மிகப்பெரிய அடி வேறு திசையிலிருந்து வந்தது. சீனாவின் ஜுஹாய் நகரம் அச்சுக் கருவிகளுக்கான மை, டோனர், கார்ட்ரிட்ஜ் உற்பத்தியின் உலக மையமாக வளர்ந்தபின், முற்றிலும் புதிய கம்பேட்டிபிள் கார்ட்ரிட்ஜின் விலை, டிரம்மும் பிளேடும் மாற்றிக் கவனமாகச் செய்யும் மறுஉற்பத்தியின் செலவை நெருங்கியது. நிரப்புவோருக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் வழக்காடிய லெக்ஸ்மார்க்கையே 2016இல் ஜுஹாயைச் சேர்ந்த நிறுவனம் முன்னின்ற குழு வாங்கியது என்பது, ஆற்றல் எங்கே இடம்பெயர்ந்தது என்பதைக் காட்டும். மலிவான புதுக் கூடு கிடைக்கும்போது பழைய கூட்டைப் பழுதுபார்க்கும் கை சும்மா இருக்க நேர்கிறது. அக்கூடு குப்பைக்குப் போகிறது.

அந்தக் குப்பையை அரசு கணக்கில் எடுக்கத் தொடங்கியது 2011ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளில். அவற்றின் பட்டியலில் அச்சுப்பொறிகள், கார்ட்ரிட்ஜ்கள் உட்பட, என்றே குறிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் உற்பத்தியாளரின் பொறுப்பை மறுசுழற்சிச் சான்றிதழ்கள் வழியே நிறைவேற்றச் சொல்கின்றன. அச்சான்றிதழ்கள் பொன், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய உலோகங்களின் மீட்பை அடிப்படையாகக் கொண்டவை. பெரும்பகுதி பிளாஸ்டிக்கான கார்ட்ரிட்ஜுக்கு இக்கணக்கில் மதிப்பு குறைவு. அதைப் பலமுறை நிரப்பி மீண்டும் ஓடவைக்கும் மயிலாப்பூர் லஸ் முனையின் கடைக்காரருக்கோ அடையாறு எல்.பி. சாலையின் கடைக்காரருக்கோ அதில் வரிசையே இல்லை.