அரை நாளின் விலை: விக்டோரியா காலத்துக் கிராமப் பள்ளியும் அதன் வருகைப் பதிவேடும்

இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் 19ஆம் நூற்றாண்டுக் கிராமப் பள்ளிகளின் நாட்குறிப்பேடுகள் ஏராளமாக இருக்கின்றன. தலைமையாசிரியர் நாள்தோறும் குறிப்பு எழுத வேண்டும், ஆனால் பொதுவான கருத்து எதையும் அதில் சேர்க்கக் கூடாது என்பது 1862ஆம் ஆண்டு விதி. கருத்துச் சொல்ல வாய்ப்பூட்டுப் போட்டதால் அவர்கள் மழையையும் சேற்றையும் அம்மையையும் அறுவடையையும் வராத பிள்ளைகளின் கணக்கையும் எழுதிவைத்தார்கள். ஆய்வு செய்பவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அக்குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்தால், பள்ளியின் அன்றாடத்தைப் பாடநூலைவிட வருகைப் பதிவேடே ஆட்டிப்படைத்தது தெரியவரும். பிள்ளையின் அரை நாளுக்கு அரசு ஒரு விலை வைத்திருந்தது. பண்ணைக்காரர் வேறொரு விலை வைத்திருந்தார்.

இப்பள்ளிகளின் தொடக்கத்தில் நம் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் காப்பகத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அதை ஏற்க மறுக்கவே, ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். நம் திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளைதான் அவன். ஊர் திரும்பிய பெல் 1797இல் இதை நூலாக வெளியிட்டார். 1811இல் இங்கிலாந்துத் திருச்சபையினர் தொடங்கிய தேசியக் கழகம் இதை ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே தன் பள்ளிகளில் புகுத்தியது. ஒரே ஆசிரியர் நூறு பிள்ளைகளை மேய்க்கலாம், செலவும் குறைவு என்பதே அதன் கவர்ச்சி.

1833இல் பள்ளிக் கட்டடங்களுக்கென நாடாளுமன்றம் முதன்முதலாக 20,000 பவுண்டு ஒதுக்கியது. 1846இல் சட்டாம்பிள்ளையின் இடத்துக்கு ‘மாணவ ஆசிரியர்’ வந்தார்: 13 வயதில் சேர்ந்து ஐந்தாண்டு தொழில் பழகுபவர், ஆண்டுச் சம்பளம் 10 பவுண்டில் தொடங்கி 20 வரை உயரும்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது, அரசில் கல்விப் பொறுப்பு வகித்த ராபர்ட் லோ 1862இல் கொண்டுவந்த திருத்திய விதித்தொகுப்பு. அதன் கணக்கு இப்படிப் போகும். சராசரி வருகையில் ஒரு தலைக்கு 4 ஷில்லிங் அரசு மானியம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை ஆண்டில் காலையோ மாலையோ 200 முறையாவது வந்திருந்து, வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் மேலும் 8 ஷில்லிங். ஒரு பாடத்தில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் கழிந்துவிடும். ஆசிரியரின் சம்பளம் பெரும்பாலும் இந்த மானியத்தைப் பொறுத்தே அமைந்தது. தேர்வில் முதல் நிலைப் பிள்ளை சின்னஞ்சிறு சொற்களாலான கதையை வாசித்து, 20 வரை எண்களை எழுத வேண்டும். ஆறாம் நிலைப் பிள்ளை செய்தித்தாளில் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும். நம்மூரில் இன்றும் ‘எத்தனையாவது ஸ்டாண்டர்டு?’ என்று கேட்கிறோமே, அந்த ‘ஸ்டாண்டர்டு’ இந்த நிலைகளுக்கு விதித்தொகுப்பு வைத்த சொல்.

தேர்வு நடத்த இன்ஸ்பெக்டர் வரும் நாளைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, குறிப்புகளே போதும். அறையைக் கழுவி, பிள்ளைகளுக்குத் தலைவாரி, உள்ளதில் நல்ல உடுப்பை மாட்டி உட்காரவைப்பார்கள். ஆண்டு முழுக்க ஒரே வாசிப்பு நூல் என்பதால் பிள்ளைகளுக்கு அது தலைகீழ்ப் பாடம். புத்தகத்தையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தடையின்றி ‘வாசித்த’ பிள்ளையின் கதை இன்ஸ்பெக்டர்களிடையே பெயர்பெற்றது. கக்குவான் இருமலோடும் அம்மைக் கொப்புளங்களோடும்கூடப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கணப்பருகே உட்காரவைத்ததை அவர்களுடைய அறிக்கைகள் சொல்கின்றன. அந்தப் பிள்ளை வராவிட்டால் 8 ஷில்லிங் போயிற்றே! ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் 1851 முதல் 1886 வரை பள்ளி இன்ஸ்பெக்டராக இருந்தவர். இம்முறை வகுப்பறையை இயந்திரமாக்கிவிடும் என்று தொடக்கத்திலேயே எதிர்த்து எழுதினார். அரசு அசையவில்லை.

மற்ற நாள்கள் மெதுவாக நகர்ந்தன. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் ஜூனிப்பர் ஹில் குக்கிராமத்தில் 1876இல் பிறந்த ஃப்ளோரா தாம்ஸன், ஒன்றரை மைல் நடந்து கோட்டிஸ்ஃபோர்ட் பள்ளிக்குப் போனவர். 1939இல் வெளிவந்த ‘லார்க் ரைஸ்’ நூலில் அந்த நடையை விவரிக்கிறார். குளிர்காலத்தில் பிள்ளைகள் சுட்ட உருளைக்கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். வழியில் கைக்குச் சூடு, பள்ளி போய்ச் சேர்ந்ததும் வயிற்றுக்கு உணவு. பள்ளியில் பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கணப்பு. நனைந்த மேலங்கிகள் அதைச் சுற்றிக் காயும். பின்வரிசைக்குச் சூடு எட்டாது. திங்கள்கிழமை காலையில் கட்டணமாக ஒன்றிரண்டு பென்ஸ் கொண்டுவர வேண்டும். எழுதுவது சிலேட்டில்; அழிக்க எச்சிலும் சட்டைக் கையும். (நம் பிள்ளைகளுக்குக் கோவையிலையாவது இருந்தது.) பிற்பகலில் பையன்கள் கணக்குப் போடும்போது பெண்பிள்ளைகள் தையலில் குனிந்திருப்பார்கள், மானியம் பெறத் தையல் கட்டாயம்.

வயல் கூப்பிட்டால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும். விதைப்புக் காலத்தில் பறவை விரட்டல், பிறகு கல் பொறுக்கல், அறுவடை முடிந்ததும் கதிர் பொறுக்கல், இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு எடுத்தல், நிலக்கிழாரின் வேட்டைக்குப் புதரை அடித்துப் பறவைகளைக் கிளப்புதல். காலணி இல்லாததும் வராமைக்கு ஒரு காரணம். ஆசிரியர்களும் ஒரு தந்திரம் கற்றிருந்தார்கள்: அடைமழையில் பத்துப் பிள்ளைகளே வந்தால் வருகை எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று பள்ளி நடந்ததாகக் கணக்கில் வந்தால்தானே சராசரி குறையும்!

1880இல் ஐந்து முதல் பத்து வயது வரை வருகை கட்டாயமானது. ஆனால் கிராமத்தில் வழக்கை விசாரிக்கும் மாஜிஸ்திரேட்டே பல இடங்களில் நிலக்காரர். தமக்கும் தம் குத்தகைக்காரருக்கும் வேலை செய்யும் பிள்ளைக்காக அதன் தகப்பனுக்கு அபராதம் போட அவருக்குக் கை எழவில்லை. 1891இல் கட்டணம் பெரும்பாலான பள்ளிகளில் நீங்கியது. தேர்வுக்கேற்ற மானியம் 1890களில் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதற்குள் அம்முறை சென்னை மாகாணத்துக்கும் வந்து, திண்ணைப் பள்ளி வாத்தியாரையும் இன்ஸ்பெக்டருக்காகக் காத்திருக்க வைத்திருந்தது.

சட்டங்களுக்கு எட்டாமல் நின்றது பள்ளி நாள்காட்டிதான். கிராமத்தார் பேச்சில் அது கோடை விடுமுறை அல்ல, அறுவடை விடுமுறை. கோதுமை பழுக்கும் பக்குவம் பார்த்தே தேதி குறிப்பார்கள். கென்ட் பகுதியில் ஹாப் கொடி பறிப்பு முடியும்வரை, செப்டம்பரிலும் பள்ளி மூடியிருக்கும். மழையால் அறுப்பு இழுத்துக்கொண்டே போனால், திறந்த நாளில் ஆசிரியர் முக்கால்வாசி காலியான பெஞ்சுகளைப் பார்ப்பார். இன்னும் ஒரு வாரம் விடுமுறை நீட்டப்பட்டது என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுக் கதவைப் பூட்டுவார்.