தோல்வாரும் அதனைப் பதமிட்ட கையும்

சம்பளம் கைக்கு வந்த மறுநாள், தானா ராத்தாக் கடைவீதியில் இடுப்புக்கு ஒரு தோல்வார் விலைபேசி நிற்கும் தோட்டத் தோழர்களை நாம் கண்டதுண்டு. பளபளப்பைக் கண்டு வாங்கிய வார் இரண்டொரு மழைக்காலத்துக்குள் ஏடேடாகப் பிரிந்துபோவதையும் கண்டதுண்டு. நல்ல வாரைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்று அறியப் புகின், அவ்வாராய்ச்சி நம்மைக் கடல் கடந்து முன்னோர் நாட்டுக்கே கொண்டு செல்கிறது.

பச்சைத் தோல் விரைவில் அழுகும். மரப்பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நார்களைப் பற்றிக்கொண்டால், அது அழுகாது நெடுநாள் உழைக்கும். தமிழ்நாட்டுத் தோற்கிடங்குகளில் இதற்குப் பயன்பட்டது நம் புதர்க்காட்டு ஆவாரம்பட்டையே. கடுக்காயும் துணை நின்றது. திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய ஊர்கள் இத்தொழிலால் பெயர் பெற்றன. 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில் பிரிட்டிஷ் படையினரின் பாதரட்சைகளுக்கு இத்தோல் பயன்பட்டது. 1903-இல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பினால் பதமிடும் முறையைச் சோதிக்கத் தொடங்கினார். 1912-இல் சேம்பர்ஸ் என்பார் பல்லாவரத்தருகே நிறுவிய ஆலையால் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே உண்டாயிற்று. 1948-இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் சென்னையில் தோன்றிற்று.

ஒரே கரையிலிருந்து தோல் மேற்கே இலண்டனுக்குக் கப்பலேறிற்று. மனிதர் கிழக்கே மலாயாவுக்குக் கப்பலேறினர். 1885-இல் வில்லியம் கேமரன் ஆராய்ந்த இம்மலையில், 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். உழைக்க வந்தவர்களுள் தமிழர் பலர். அவர்தம் மூட்டை முடிச்சுகளோடு சாதியும் வந்தது. மலாயாத் தோட்டங்களில் சாதிக்கொரு லயம் என்று பிரித்து வைத்த காலமும் இருந்தது.

தோலை உரித்துச் சுண்ணாம்பிலிட்டுச் சுரண்டிப் பதமிட்டவர் யார்? ஊர்க்கோடியில் ஒதுக்கப்பட்ட மக்களே. தோல் தந்த இலாபத்தைத் தொடக் கூசாத சமூகம், தோலைத் தொட்ட கையைத் தொடக் கூசிற்று! இதனை எதிர்த்து அருந்ததியர் தலைவர் எல். சி. குருசாமி 1920-க்குப் பின் சென்னைச் சட்டசபையில் குரலெழுப்பினார். தம் மக்களுக்குப் பள்ளிகளும் கண்டார். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. எனினும் 2009-இல்தான் தமிழ்நாட்டில் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிட்டிற்று.

இனி வாரைப் பார்ப்போம். அதன் வெட்டு விளிம்பை நோக்குக: நார் ஒரே சீராக இருப்பின் முழுத்தோல், அடுக்கடுக்காகத் தெரியின் ஒட்டுவேலை. வளைத்துப் பார்க்க: மேற்பூச்சு வெடித்தால் விட்டுவிடுக. தையல் நெருங்கி நேராக ஓடவேண்டும். கொக்கி கனத்த பித்தளையாயின் துரு ஏறாது. சுமார் ஐயாயிரம் அடி உயரத்து ஈரக்காற்றில் பூஞ்சை எளிதிற் பிடிக்கும். நனைந்த வாரை அடுப்பருகே காயவிடாது நிழலில் ஆற்றுக.

விளிம்பை நோக்கும் கண், அதன் பின்னுள்ள கையையும் நோக்கட்டும். அக்கைக்கு உரியவரைத் தாழ்வாக எண்ணுகிறவர், அவர் பதமிட்ட வாரை இடையிற் கட்ட என்ன உரிமையுடையார்?