விட்ட இடமும் தொட்ட இடமும்

வட சென்னைக்கும் குத்துச்சண்டைக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்களும் கப்பல் மாலுமிகளும் ஆடிய ஆட்டத்தை, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் காசிமேட்டில் கட்டுமரம் தள்ளியவர்களும் தங்கள் சொந்த ஆட்டமாகவே ஆக்கிக்கொண்டார்கள். சங்கீத வித்வான்களுக்குக் குரு பரம்பரை உண்டல்லவா? இராயபுரம் பக்கத்துக் குத்துச்சண்டை வீரர்களுக்கும் உண்டு. சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பெயர் சொல்லி, ஒருவருக்கொருவர் சளைக்காமல் மோதினார்கள்.

2021-ல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' என்ற திரைப்படத்தை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். அதன் நாயகன் குடியால் உடம்பைக் கெடுத்துக்கொண்டு, பிறகு கடற்கரையில் ஒரு மீனவப் பெரியவரிடம் அரிச்சுவடியிலிருந்து மறுபடியும் தொடங்குகிறான். "இதெல்லாம் சினிமாவில்தான் நடக்கும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சரித்திரத்திலும் நடந்திருக்கிறது. அந்தச் சரித்திரத்தின் நாயகர் சென்னைக்கே வந்து போயிருக்கிறார்.

1980-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஒரு காட்சிப் போட்டி. எதிரே நின்றவர் ஜிம்மி எல்லிஸ், அலியின் சொந்த ஊரான லூயிவில்லைச் சேர்ந்த பழைய தோழர். அவரும் ஒரு காலத்தில் உலகப் பட்டம் வைத்திருந்தவர்தான். அந்த இரு நண்பர்களுக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

1967-ல் வியத்நாம் யுத்தத்தின் போது, பட்டாளத்தில் சேர மாட்டேன் என்று அலி மறுத்தார். பட்டம் போயிற்று, மேடை ஏறும் உரிமையும் போயிற்று. 1970 அக்டோபர் 26-ல் அட்லாண்டா நகரில் மீண்டும் கையுறை மாட்டியபோது, கடைசிச் சண்டை முடிந்து மூன்று ஆண்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. முதல் இரண்டு சண்டைகளில் வெற்றி. ஆனால் 1971 மார்ச் 8-ல் ஜோ ஃப்ரேஸியரிடம் பதினைந்து சுற்றும் நின்று தோற்றார். மேடை முழுவதும் வட்டமிட்ட அந்தப் பழைய கால்கள் திரும்பி வரவில்லை.

தோற்றவர் என்ன செய்தார்? நாலரை மாதத்தில் மறுபடியும் மேடை ஏறினார். அன்று எதிரே நின்றவர்தான் ஜிம்மி எல்லிஸ்! பன்னிரண்டாம் சுற்றில் அலிக்கு வெற்றி. அதிலிருந்து இரண்டரை ஆண்டுக்குள் பதினான்கு சண்டைகள். 1973 மார்ச்சில் கென் நார்ட்டனுடன் மோதித் தாடை எலும்பு முறிந்தது. செப்டம்பரில் அதே நார்ட்டனை வென்றார். டீர் லேக் என்ற இடத்தில் பயிற்சி முகாம் அமைத்துக்கொண்டு ஓடினார், கோடரி எடுத்து மரம் வெட்டினார், அடி வாங்கித் தாங்கவும் பழகினார். 1974 அக்டோபர் 30-ல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசா நகரில், கயிற்றில் சாய்ந்தபடி ஜார்ஜ் ஃபோர்மனின் குத்துகளை ஏற்று, எட்டாம் சுற்றில் அவரை வீழ்த்திப் பட்டத்தை மீட்டார். விட்டது 1967-ல், தொட்டது 1974-ல். விட்ட அலி வேறு, தொட்ட அலி வேறு.

இனி, சென்னை கண்ட அலிக்கு வருவோம். அப்போது அவர் ஓய்வு பெற்று, உடம்பு கனத்திருந்தார். அதே ஆண்டு அக்டோபர் 2-ல், முப்பத்தெட்டு வயதில், லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸை எதிர்த்தார். சில மாதங்களில் மளமளவென்று எடை இறங்கியிருந்தது. தராசு காட்டியது 217½ பவுண்டு. ஃபோர்மனை வென்ற நாளைவிட ஒரு பவுண்டுதான் அதிகம். கண்ணாடியில் பழைய அலி தெரிந்தார். ஆனால் அந்த இளைப்பில் தைராய்டு மருந்துக்கும் பங்கு இருந்தது. சதையோடு தெம்பும் கரைந்துவிட்டது. பத்துச் சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சண்டையை நிறுத்திவிட்டார்.

நாம் யாரும் ஃபோர்மனோடு மோதப் போவதில்லை. காய்ச்சலோ, கால் முறிவோ, வீட்டுக் கவலையோ வந்து காலை நடை நின்றுபோனவர்கள் நம்மில் ஏராளம். "பழைய உடம்பு எப்போது வரும்?" என்று கேட்கிறோம். அது வராது என்றே எனக்குத் தோன்றுகிறது. வரக்கூடியது புதிய உடம்பு ஒன்று. அதையும் தராசோ கண்ணாடியோ தருவதில்லை. நாளைக் காலை முதல் நாள், நாளை மறுநாள் இரண்டாம் நாள் என்று எண்ணத் துணிகிறவர்களுக்கே அது கிடைக்கிறது.