சாக்கடையின் சாட்சியம்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் லட்சக்கணக்கானோர் கூடி 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றுகிறார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தை பக்தி ஒருவிதமாகவும் மருத்துவ அதிகாரம் வேறுவிதமாகவும் வாசித்து வந்திருக்கின்றன. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, காலரா பரவ இந்திய யாத்திரைகளே பெருங்காரணம் என்றது. யாத்ரீகரின் உடல் சந்தேகத்துக்குரிய உடலாயிற்று.

கழிவுநீரில் கிருமியைத் தேடும் முறை இப்பார்வையைத் தலைகீழாக்குவதுபோலத் தோன்றும். மும்பையில் 2001 முதல் போலியோ வைரஸை இப்படித் தேடினார்கள். நமக்குப் பக்கத்து வேலூரில் 2021-22இல் டைபாய்டு கிருமியை. யாரையும் மறிக்க வேண்டாம், பெயர் கேட்க வேண்டாம். சாக்கடைக்கு ஏது சாதின்னு சொல்லத் தோணும்.

எனக்கு அந்த நிம்மதி இல்லை. 1940களில் இங்கிலாந்தில் பிரெண்டன் மூர் சாக்கடையில் துணிச்சுருளைத் தொங்கவிட்டுப் பாராடைபாய்டு கிருமியைப் பிடித்தார். கிளை கிளையாக மேலேறிப் போய், கிருமியைச் சுமந்தவரின் வீட்டையே கண்டடைந்தார். கூட்டத்தைப் பார்க்கும் கண் ஒரு வாசற்படியிலும் வந்து நிற்கும். அது நோயாளிக்கு வைத்தியமாகலாம். ஒரு சேரிக்கு முத்திரையும் ஆகலாம்.

ஆகவே திருவண்ணாமலையில் அந்தத் துணியை எங்கே கட்டுவது என்பது அரசியல் கேள்வி. ஊர்க்கழிவெல்லாம் சேருமிடத்திலா, ஒரு தெருமுனையிலா? அதை உள்ளே இறக்கும் கை யாருடையது? கையால் மலம் அள்ளவைப்பதை 1993லும் 2013லும் சட்டங்கள் தடைசெய்தன. கிருமிக்குச் சாதி இல்லேங்கிறவங்க முதல்ல அந்தக் கைக்குப் பதில் சொல்லட்டும்.