ஏர்வாடிச் சங்கிலியும் செவிலியர் தர்மமும்

மதுரையிலிருந்து மானாமதுரை, பரமக்குடி வழியே கிழக்கு நோக்கிச் செல்லும் பாதை, கண்மாய்களையும் கருவேலங்காடுகளையும் கடந்து இராமநாதபுரம் சேர்ந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிக் கடலோரத்து ஏர்வாடியை அடைகிறது. 1910ஆம் ஆண்டில் இராமநாதபுரம் தனி ஜில்லாவாகும் வரையில் இந்தப் பிரதேசம் மதுரை ஜில்லாவிலேயே அடங்கியிருந்தது. சுல்தான் சையது இப்ராஹீம் ஷஹீது அடங்கியிருக்கும் ஏர்வாடி தர்காவுக்குச் சித்தம் கலங்கியவர்களை அழைத்துச் செல்லும் வழக்கம், மதுரைச் சமவெளியின் ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் யாவற்றுக்கும் பொதுவாகத் தலைமுறை தலைமுறையாக நிலவி வந்திருக்கிறது.

அவர்கள் வேறெங்கே செல்வார்கள்? 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட சித்தசுவாதீனமற்றோர் விடுதி மதுரையிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. 1912ஆம் ஆண்டுச் சித்தசுவாதீனமற்றோர் சட்டம் அமலிலிருந்த காலத்தில் அங்கே ஒருவரைச் சேர்க்கப் பெரும்பாலும் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டியிருந்தது. போலீஸையும் கச்சேரியையும் கண்டாலே ஒதுங்கிப்போகும் குடியானவனுக்குத் தர்காவின் வாசல் எத்தனையோ எளிதாக இருந்தது. அங்கே நோயாளியை எவரும் வெறுத்து விரட்டவில்லை. புனித நீரும் தர்கா விளக்கின் எண்ணெயும் பிரசாதமாகக் கிடைத்தன. தாயோ தமையனோ கூடவே தங்கிக்கொள்ளவும் இடமிருந்தது. இந்த நன்மைகளை மறைத்துவிட்டு அவ்வூரின் சரித்திரத்தை எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் ஓடிவிடுவார், அடித்துவிடுவார் என்று அஞ்சப்பட்டவருக்குச் சங்கிலி பூட்டப்பட்டது. கணுக்காலில் இரும்பு வளையம், அதனின்று மரத்துக்கோ தூணுக்கோ செல்லும் சில அடி நீளச் சங்கிலி, ஒரு பூட்டு. வளையம் உராயும் இடத்தில் தோல் முதலில் கறுத்துக் காய்த்து, பிறகு வெடித்துப் புண்ணாகும். அந்தச் சில அடி நிலத்திலேயே உண்டு, உறங்கி, மலஜலம் கழித்து நாளைப் போக்க வேண்டும். இந்தப் பூட்டு எப்போது திறக்கும் என்பதற்கு அவ்வூர் நம்பிக்கை தந்த விடை, நோயாளியின் கனவிலோ உறவினரின் கனவிலோ ஊர் திரும்பலாமென்ற உத்தரவு வரவேண்டும் என்பதே. அந்த நம்பிக்கையை நான் இகழவில்லை. துயரத்தின் எல்லையில் நிற்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதை உணர்கிறேன். எனினும் ஒரு மனிதனைக் கட்டுவதற்குப் பல கைகள் இருக்க, அவிழ்ப்பதற்குப் பொறுப்பேற்று விடை சொல்ல ஒரு மனிதரும் இல்லாதிருந்ததே அந்த ஏற்பாட்டின் ஆழ்ந்த குற்றம் என்று கருதுகிறேன்.

அறுவடைக்கும் கூலிக்கும் திரும்ப வேண்டிய உறவினர்கள், மாதப்பணம் கட்டி நோயாளிகளை விட்டுச்செல்வதற்கென்று காப்பகங்கள் தர்காவைச் சுற்றி முளைத்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அத்தகைய கீற்றுக்கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தபோது, கட்டுண்டு கிடந்தவர்களில் 28 பேர் மாண்டனர். காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டு, சங்கிலியிடுவது சட்டவிரோதமென மக்களுக்கு உணர்த்துமாறு பணித்தது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வகையிலும் எவ்வடிவிலும் சங்கிலியிடுவதை அடியோடு தடுத்தது.

சட்டப்படி சங்கிலி போயிற்று, ஆனால் அதைப் பூட்டத் தூண்டிய கேள்வி ஆஸ்பத்திரி வார்டுக்குள் வந்து செவிலியின் முன் நிற்கிறது. இரவுப் பணியில் இருக்கும் 'சிஸ்டர்' ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் டாக்டர் 'எஸ்.ஓ.எஸ்.' என்று எழுதி, தேவைப்பட்டால் போடுவதற்கென ஓர் ஊசியைக் குறித்துவிட்டு வீட்டுக்குச் சென்றுவிட்டார். நள்ளிரவில் ஒருவர் உரத்த குரலில் கதவைத் தட்டுகிறார். தேவை யாருக்கு? அவருக்கா, உறங்க முடியாத மற்ற நாற்பது பேருக்கா, தனியாக நின்று களைத்துப்போன அவளுக்கா? அவர் கேட்பது வீட்டுக்கு ஒரு போன் பேசுவதற்குத்தானா, சிறுநீர் அடைப்பின் வேதனையா, பசியா என்று விசாரியாமல் போடப்படும் ஊசி, அன்றைய இரும்பு வளையத்தின் வேலையைத்தான் செய்கிறது. அதே சமயம், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் கழுத்தை ஒருவர் நெரிக்கும்போது தத்துவம் பேசிக்கொண்டிருப்பதும் கருணையாகாது. இவ்விரண்டையும் நொடிப்பொழுதில் பிரித்தறியும் விவேகம் பாடப் புத்தகத்தை மனனம் செய்வதால் மட்டும் வருவதன்று. வார்டில் மூத்தவரும் இளையவரும் கூடி, நேற்றிரவு செய்தது சரியா என்று அஞ்சாமல் வாதிப்பதால் வளர்வது.

1957இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம், குடும்பத்தாரையும் நோயாளியோடு தங்கச் செய்தது. தர்காவின் வழக்கத்திலிருந்த நன்மையும் அதுவே. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், மருந்தின்றியே அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு தணிந்திருந்தன என்று தெரிவித்தனர். தணிந்தவிதம் எதுவாயினும், அங்கே உறவினர் அருகிலிருந்தனர். ஏர்வாடியிலேயே பின்னாளில் தர்காவையொட்டி அரசின் சிகிச்சை நிலையம் அமைந்து, துவா என்னும் பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றையொன்று தடுக்காமல் நடப்பதைக் கண்டு மகிழ்கிறேன்.

ஆனால் குடும்பத்தின் அன்பிலும் பூட்டு ஒளிந்திருக்கக்கூடும். மாத்திரை தின்ன மறுக்கும் மகனுக்குத் தாய் அதைப் பொடி செய்து ரசஞ்சாதத்தில் பிசைந்து கொடுக்கிறாள்; மாதாமாதம் மருந்து வாங்க வரும்போது செவிலியிடம் தணிந்த குரலில் அதைச் சொல்லவும் சொல்கிறாள். மகன் ஒருநாள் அறிந்தால், அதன்பின் தாய் கையால் எந்தச் சோற்றை நம்பி உண்பான்? நிறுத்தினாலோ, பழையபடி தெருவில் திரிவானே! தாயைக் கண்டிப்பதும் எளிது, கேளாதவள்போல் இருப்பதும் எளிது. நல்ல செவிலி இரண்டையும் தவிர்த்து, அவன் ஏன் மறுக்கிறான் என்பதிலிருந்து தொடங்குவாள்; கை நடுக்கமா, உடல் பருத்ததா, பகலெல்லாம் தூக்கமா என்று கேட்டு, அதை டாக்டரிடம் கொண்டுபோவாள்.

2017ஆம் ஆண்டுச் சட்டம், உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்த இடம் தந்து, அதன் காரணத்தையும் கால அளவையும் ஏட்டில் எழுத வேண்டுமென்றும், நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும் விதித்தது; பணியாளர் குறைவு என்பதை மட்டும் காரணமாகக் காட்டி எவரையும் கட்டலாகாது என்றும் சேர்த்தது. இச்சட்டத்தில் நான் பெரிதாக மதிப்பது இந்தக் கடைசி விதியையே. ஏர்வாடியில் கட்டியவர்களும் ஆளில்லை என்றுதான் சொன்னார்கள். ஆகவே ஒரே செவிலியை இரவெல்லாம் நாற்பது பேர் நடுவே நிறுத்திவிட்டு, அவளுடைய ஏட்டில் மட்டும் நியாயத்தைத் தேடும் நிர்வாகம், இரண்டாவது செவிலியை ஏன் நியமிக்கவில்லை என்பதற்கு அந்த ஏட்டிலேயே விடை எழுதக் கடமைப்பட்டிருக்கிறது.