முடிச்சுப் போட்டவர்கள்

கீமோ முடிந்தபின், வீட்டிலேயே முதன்முறையாக லேஸ் விக் வைத்துப் பார்த்தேன். நெற்றி ஓரத்தில் மிஞ்சும் வலையை வெட்டிவிட்டுப் பசை தடவவேண்டும். வெட்டுமுன் உட்புறத்தைத் திருப்பினேன்: அத்தனையும் கொக்கி ஊசியால் கையில் போட்ட முடிச்சுகள்.

இந்தக் கைவேலைக்கு ஒரு போராட்ட வரலாறு உண்டு. 1960களில் அமெரிக்கா சீனத் தலைமுடிக்குத் தடை விதித்ததும் தென்கொரியாவின் விக் ஏற்றுமதி பெருகியது. உழைத்தவர்கள் இளம்பெண்கள். 1979 ஆகஸ்டில், சியோலின் ஒய்.எச். ஆலை மூடப்பட்டதை எதிர்த்து ஏறக்குறைய 200 பெண்கள் எதிர்க்கட்சி அலுவலகத்தில் அமர்ந்தார்கள். போலீஸ் புகுந்து இழுத்துச் சென்றது. 21 வயது கிம் கியோங் சுக் இறந்தார். அக்டோபரில் பார்க் சுங் ஹீயின் சர்வாதிகாரம் முடிந்தது. அதற்கு வழிவகுத்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

என் விக் பெட்டியில் நாட்டின் பெயர் இருக்கிறது. முடிச்சுப் போட்டவர் பெயர் இல்லை.