கார் வானொலியில் இரைச்சலா? புதுசு வாங்க முன் இதைப் பாருங்கள்

அக்குறணையில் பிங்கா ஓயா பெருகினால் ஏ9 வீதியில் வெள்ளம் ஏறிவிடும். மழைநாளில் மாத்தளையிலிருந்து கண்டிக்குத் திரும்பும்போது வானொலிச் செய்தியைத்தான் நம்பியிருப்போம். எங்கள் காரிலோ அந்நேரம் இரைச்சல் மட்டுமே வரும். "பொருளாதாரத் தடைக்குள்ள சைக்கிள் டைனமோவைச் சுத்தி இதைவிடத் தெளிவாக் கேட்டனாங்கள்" என்பார் அம்மா. அது உண்மைதான். அந்த றேடியோவுக்குப் பக்கத்தில் பெற்றோல் எஞ்சின் இருக்கவில்லையே!

பெற்றோல் எஞ்சினின் பிளக் ஒவ்வொரு முறை பொறி தட்டும்போதும் சிறிய வானொலி அலையொன்று கிளம்புகிறது. மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்புகளை அது அதிகம் கெடுக்கும். பண்பலையைக் குறைவாகவே பாதிக்கும். டீசல் வாகனத்தில் இந்தப் பிளக்கே இல்லை.

கராஜ் ஒன்றில் றேடியோவையே மாற்றச் சொன்னார்கள். மாற்ற முன் நானே சோதித்தேன். எஞ்சினை நிறுத்தி, சாவியைப் பாதி திருப்பி றேடியோவை மட்டும் போடுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு எஞ்சின் பக்கம். எஞ்சினை இயக்கி அக்ஸிலேற்றரை மிதிக்கும்போது 'டிக் டிக்' வேகமாகினால் பிளக்கையும் பிளக் வயரையும் பாருங்கள். உள்ளே தடையி வைத்த பிளக் கடைகளில் கிடைக்கும். மெல்லிய ஊளை போல் ஏறி இறங்கினால் ஓல்டனேற்றர், அல்லது இளகிய எர்த் வயர். அடுத்து றேடியோவின் பின்னாலுள்ள அன்ரெனா வயரைக் கழற்றுங்கள். இரைச்சல் போய்விட்டால் அது அன்ரெனா வழியாக வருகிறது. போகாவிட்டால் பற்றரி வயர் வழியாக.

எங்களுக்கு இரண்டு காரணங்கள். அன்ரெனாவின் அடியில் துரு பிடித்து, எர்த் சரியாகப் படவில்லை. எமெறித் தாளால் தேய்த்து இறுக்கினேன். மற்றது, மலிவு விலையில் வாங்கிய போன் சார்ஜர். அதைக் கழற்றியதுமே பாதிச் சத்தம் போய்விட்டது. முதலில் அதைத்தான் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும்!

ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் வைத்திருப்போருக்கு இன்னொரு சிக்கல். அவற்றின் றேடியோ 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் நாட்டுப் பண்பலையோ 108 வரை போகிறது. இடையில் பூட்டும் மாற்றி தரமற்றதாக இருந்தால் அதுவும் இரையும்.

பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் வரும். அதனால் மலை மறைக்கும் இடத்தில் எந்தக் காரிலும் ஒலி மங்கும். அலவத்துகொடைப் பக்கத்து வளைவுகளில் எங்களுக்கு இப்போதும் சில விநாடி இரைகிறது. அதற்குக் கராஜில் மருந்தில்லை.